சர்வர் அட்மினுக்கு எந்தச் சான்றிதழ்? டிக்கெட் பட்டியல் சொன்ன பதில்

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் தலைமை அலுவலகத்தில் 2012-ஆம் ஆண்டு டெஸ்க்டாப் சப்போர்ட் ஆளாக வேலைக்குச் சேர்ந்தேன். பிரின்டரில் சிக்கிய காகிதத்தை எடுத்துவிடுவதும், கணக்குப் பிரிவில் டேலி திறக்கவில்லை என்றால் மாடியேறி ஓடுவதும்தான் முதல் ஆறு மாத வேலை. அதன்பின் சர்வர் அறையின் சாவி என் கைக்கு வந்தது. முன்பிருந்தவர் துபாய்க்குப் போனதுதான் அதற்குக் காரணமே தவிர, என் திறமை அல்ல. அந்த அறையில் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஓடும் இரண்டு பெட்டிகளும், நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் ஈஆர்பி மென்பொருளின் ஆரக்கிள் தரவுத்தளத்தைத் தாங்கிய ரெட் ஹேட் லினக்ஸ் பெட்டி ஒன்றும் இருந்தன. விண்டோஸ் பெட்டிகளை நான் தொடுவேன். லினக்ஸ் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள். ஆலையின் எலக்ட்ரிகல் ஃபோர்மேன் மட்டும் அவ்வப்போது வந்து, "தம்பி, ஞாயித்துக்கிழமை ஷட்டவுனுங்க, உங்க பெட்டியெல்லாம் நிறுத்தீருங்க" என்பார். அந்த ஒரு பெட்டியை நிறுத்தவும் திரும்ப எழுப்பவும், முன்பிருந்தவர் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போன பதினொரு வரிக் காகிதம்தான் எனக்குத் துணை.

எனக்குப் புரியாத பெட்டி எது என்று அந்தக் காகிதமே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சான்றிதழ் எடுக்கலாம் என்று முடிவு செய்தபோது நான் அதைப் பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் எதை எடுத்திருந்தார்கள் என்றுதான் பார்த்தேன். காந்திபுரத்தில் ஒரு பயிற்சி நிலையம் நெட்வொர்க்குக்கான சிஸ்கோவின் சிசிஎன்ஏ, விண்டோஸ் சர்வருக்கான மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்ஏ, லினக்ஸுக்கான ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஇ ஆகிய மூன்று சான்றிதழ்ப் படிப்புகளையும் ஒரே கட்டணத்தில் தருவதாகச் சொன்னது. மூன்றும் ஒன்றாகப் படித்தால் மூன்றும் வராது என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. கையில் பழகிய விண்டோஸைப் பிடித்துக்கொண்டு, விண்டோஸ் சர்வர் 2012-க்கான எம்சிஎஸ்ஏவுக்குரிய 70-410, 70-411, 70-412 ஆகிய மூன்று தேர்வுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினேன். எழுதினேன் என்று சொல்வது பெருந்தன்மை. பயிற்சி நிலையத்தில் டம்ப்ஸ், அதாவது உண்மையான தேர்விலிருந்து கசிந்த கேள்வி-பதில் தொகுப்பு, கொடுத்தார்கள். கேள்வியும் பதிலும் மனப்பாடமாகும்வரை படித்து, தேர்வு மையத்தில் போய்ப் பெட்டிகளில் டிக் போட்டுவிட்டு வந்தேன். 2015-இல் மூன்றாவது தேர்வும் முடிந்து சான்றிதழ் வந்தபோது அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

அதே ஆண்டு சென்னையில் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். எதிரில் இருந்தவர் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, ஒரு நிறுவனத்தின் பயனர் கணக்குகளையும் கணினிகளையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், ஒரு நேரத்தில் ஒரே சர்வர் மட்டும் ஏற்கும் சிறப்புப் பொறுப்புகளான ஃபிஸ்மோ ரோல்கள் எத்தனை என்று கேட்டார். ஐந்தையும் வரிசை மாறாமல் சொன்னேன். "சரி, பிடிசி எமுலேட்டர் இருக்கிற டொமைன் கன்ட்ரோலர் விழுந்துடுச்சு. யூசர்கிட்டேருந்து உங்களுக்கு முதல்ல என்ன கம்ப்ளெயின்ட் வரும்?" என்றார். டொமைன் கன்ட்ரோலர் என்பது உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர்; பாஸ்வேர்டு மாற்றங்களையும் நேரத்தையும் முன்னின்று கவனிக்கும் பிடிசி எமுலேட்டர் அந்த ஐந்து ரோல்களில் ஒன்று. எனக்கு வாய் அடைத்துப்போனது. பாஸ்வேர்டை அப்போதுதான் மாற்றியவர் வேறொரு கிளையில் உள்நுழைய முடியாமல் தவிப்பார் என்பதோ, நாளடைவில் கணினிகளின் கடிகாரங்கள் விலகி, ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் உள்நுழைபவரைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை கதவைச் சாத்திவிடும் என்பதோ எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் கேள்வியை மாற்றவில்லை, கோப்பை மூடினார். மூன்று தேர்வுகளுக்கும் கட்டிய பணம் எதற்குப் போனது என்பது அந்த மேசையில்தான் எனக்கு விளங்கியது. டம்ப்ஸ் படித்துத் தேர்ச்சி பெற்றது தெரியவந்தால் தேர்வு நடத்தும் நிறுவனம் சான்றிதழையே ரத்து செய்யலாம், மேற்கொண்டு தேர்வு எழுதவும் தடை போடலாம். ஆனால் அதற்கு முன்பே நேர்காணல் செய்பவர் ஒரே கேள்வியில் அதை ரத்து செய்துவிடுவார் என்பது என் அனுபவம்.

வேறொரு நிறுவனத்தில், பிறருடைய சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில், இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைக்காததால் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஓஎம்ஆர் சாலையில் அலுவலகம். அங்கேதான் லினக்ஸ் என்னைத் துரத்திப் பிடித்தது.

ஓர் இரவு நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைத்தன. வாடிக்கையாளர் ஒருவரின் லினக்ஸ் சர்வருக்கு மென்பொருள் திருத்தமான பேட்ச் போட்டு ரீபூட் செய்ய வேண்டும். அது 412 நாட்களாக நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரு பெருமையாகவே கைமாற்றுக் குறிப்பில் எழுதி வைத்திருந்தார்கள். பேட்ச் போட்டேன், ரீபூட் செய்தேன், பெட்டி எழுந்தது, பிங் வந்தது, மாற்றக் கோரிக்கையை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். காலை ஆறு மணிக்கு வாடிக்கையாளர் அழைத்தார்: மென்பொருள் திறக்கிறது, ஆனால் ஒரு பில்கூட இல்லை. எப்போதோ டிஸ்க் நிரம்பியபோது யாரோ புதிய டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, கையால் மவுண்ட் செய்திருக்கிறார்கள், அதாவது ஓர் அடைவோடு இணைத்திருக்கிறார்கள். எந்த டிஸ்கைத் தானாக இணைக்க வேண்டும் என்று பெட்டி எழும்போது பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கு ஒரு வரி எழுதவில்லை. 412 நாட்கள் அது யாருக்கும் தெரியவில்லை. ரீபூட் ஆனதும் அந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. மென்பொருளோ வெற்று அடைவைப் பார்த்து, இதுதான் புதுக்கணக்கு போலும் என்று எண்ணி, காலிக் கோப்புகளை உருவாக்கி ஓட ஆரம்பித்துவிட்டது. தரவு எங்கும் போகவில்லை, டிஸ்கைத் திரும்ப மவுண்ட் செய்ததும் வந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை.

2019 இறுதியில், அந்த வெட்கம் ஆறாத நிலையில், ஒரு வேலை செய்தேன். என் பெயரில் ஆறு மாதங்களில் மூடப்பட்ட டிக்கெட்டுகளை, அதாவது பதிவான புகார்களையும் வேலைக் கோரிக்கைகளையும், எக்ஸெலில் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன தெரிந்திருந்தால் அது சீக்கிரம் முடிந்திருக்கும் என்று ஒரு சொல் எழுதினேன். பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு எதிரே லினக்ஸ் சார்ந்த சொல்தான் வந்தது: டிஸ்க் நிரம்பியது, டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் எல்விஎம்மின் விரிவாக்கம், சேவை தானாக எழவில்லை, அனுமதிச் சிக்கல், பேட்ச். அடுத்தது ஆக்டிவ் டைரக்டரி. நெட்வொர்க் மூன்றாவது. கிளவுட் என்று எழுதக்கூடியவை அப்போது ஒரு கைவிரலில் அடங்கும். ஆனால் அந்த ஆண்டு மூன்று வாடிக்கையாளர்கள் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூருக்குப் போவது குறித்துக் கூட்டம் போட்டிருந்தார்கள். எந்தச் சான்றிதழ் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிலை எந்தப் பயிற்சி நிலையமும் தந்திருக்க முடியாது. இருந்தும் பழக்கதோஷத்தில் நான் எம்சிஎஸ்ஏவுக்கு அடுத்த படியான எம்சிஎஸ்இக்கான 70-744 தேர்வுக்குப் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். எம்சிஎஸ்ஏ இருந்ததால் அந்த ஒரு தேர்வு எழுதினால் போதும் என்ற கணக்கு. 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ எல்லாவற்றையும் நிறுத்துவதாக அறிவித்தது. அந்த ஜூனுடன் முடிவதாக இருந்தது, பெருந்தொற்றால் 2021 ஜனவரி 31 வரை நீண்டது. புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இதில் நான் கற்றது ஒன்று உண்டு. ஒரு சான்றிதழைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயருக்கு இருக்கும் மரியாதையை மட்டும் பார்க்காமல், அதை வழங்கும் நிறுவனம் அடுத்து எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அஷ்யூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பழைய சான்றிதழின் நிழலில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை. அதே 2020 டிசம்பரில் ரெட் ஹேட் லினக்ஸின் இலவச மறுவடிவமான சென்ட்ஓஎஸ் 8-க்கான ஆதரவு 2029 வரை அல்ல, 2021 டிசம்பர் 31-உடன் முடியும் என்ற அறிவிப்பு வந்து, எங்கள் வாடிக்கையாளர்களில் சிலர் அதே வகையைச் சேர்ந்த அல்மா, ராக்கி லினக்ஸ்களுக்கு மாறினார்கள். ஆனால் இந்த மாற்றத்தில் கற்ற எதுவும் வீணாகவில்லை: கட்டளைகளும் கோப்புகளும் அப்படியே இருந்தன. ரெட் ஹேட் குடும்பத்தைக் கற்றவருக்குப் பலகை மாறினாலும் கடை ஒன்றுதான்.

ஆகவே ரெட் ஹேட்டில் ஆர்எச்சிஇக்கு முந்தைய படியான ஆர்எச்சிஎஸ்ஏ என்று முடிவு செய்தேன். இதில் தேர்ந்தெடுத்து டிக் போடும் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. உண்மையான கணினியில் வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். இணையம் கிடையாது, ஆனால் கணினியிலேயே இருக்கும் கட்டளை விளக்கங்களான மேன் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளலாம். 300 மதிப்பெண்ணில் 210 எடுத்தால் தேர்ச்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் செய்தது ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்து நின்றால்தான் மதிப்பெண். அந்த வரியைத் தேர்வுப் பக்கத்தில் படித்தபோது, 412 நாள் பெட்டி கண்முன் வந்து நின்றது.

பயிற்சிக்கு நிலையம் எதுவும் தேவைப்படவில்லை. 2021 பிப்ரவரியிலிருந்து ரெட் ஹேட் தனிநபர்களுக்கான டெவலப்பர் சந்தாவில் 16 கணினிகள் வரை இலவசமாக நிறுவிக்கொள்ள அனுமதித்தது. 16 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு இரண்டு பெட்டிகளை உருவாக்கிக்கொண்டேன். தினமும் இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் பயிற்சி. முதலில் செய்தது, முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டு தெரியாத பெட்டியில் நுழைவது: பூட் மெனுவில் நிறுத்தி, கர்னல் வரியின் கடைசியில் ஆர்டி.பிரேக் என்று சேர்த்து, டிஸ்கை எழுதும் நிலையில் திரும்ப மவுண்ட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, ஆட்டோரீலேபிள் என்ற காலிக் கோப்பை உருவாக்கிவிட்டு வெளியே வர வேண்டும். கடைசிப் படியை மறந்தால் புதிய பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாது. பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ கோப்பின் மேல், லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் வைத்த முத்திரை கெட்டுப்போயிருக்கும். நான் அதை நான்கு முறை மறந்தேன், ஐந்தாவது முறை கை தானாகச் செய்தது.

எஸ்இலினக்ஸ் பற்றி ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையில் எங்களில் பெரும்பாலோர் அதை அணைத்துவிட்டுத்தான் பிழைப்பு நடத்தினோம். பயிற்சிக்காக வெப் சர்வரை 82-ஆம் போர்ட் என்ற இணைப்பு எண்ணில் ஓடும்படி மாற்றிப் பார்த்தேன், சேவை எழவில்லை. கோப்பு சரி, ஃபயர்வால் சரி, அனுமதி சரி. கடைசியில் பெட்டியின் பதிவேடான ஜர்னலைப் பொறுமையாகப் படித்தபோதுதான், அந்தப் போர்ட் வெப் சர்வருக்கு உரியதாக எஸ்இலினக்ஸ் பட்டியலில் இல்லை என்பது தெரிந்தது. அந்தப் பட்டியலைத் திருத்தும் செமேனேஜ் கட்டளையில் ஒரே வரி, சேவை எழுந்துவிட்டது. ஆறு ஆண்டுகளாக அணைத்து வைத்த ஒன்று ஒரு வரிதான் கேட்டிருக்கிறது.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்ற வசதி வந்திருந்தது. அவர்கள் தரும் இயங்குதளத்தை யுஎஸ்பியில் ஏற்றி, மடிக்கணினியை அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். மடிக்கணினியின் கேமரா போதாது, வயருடன் கூடிய தனிக் கேமரா வேண்டும். மேசையைத் துடைத்து வைத்து, யுபிஎஸ் பேட்டரியைச் சோதித்து, வீட்டில் குக்கர்கூட வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நன்றாகவே போனது. கடைசிப் பத்து நிமிடத்தில், எதற்கோ சந்தேகம் வந்து எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினேன். திரும்ப ரீபூட் செய்து பார்க்க நேரம் இல்லை என்று விட்டுவிட்டேன். சில மணி நேரத்தில் முடிவு மின்னஞ்சலில் வந்தது: 300-க்கு 63, தேர்ச்சி இல்லை. வீட்டுப் பெட்டியில் அதே திருத்தத்தைச் செய்து பார்த்தேன். டிஸ்க்கின் அடையாள எண்ணான யூயூஐடியில் ஓர் எழுத்து பிழை. பெட்டி ஒன்றரை நிமிடம் இல்லாத டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. எழாத பெட்டியில் செய்த எதற்கும் மதிப்பெண் கிடையாது. ஊரார் பெட்டியில் யாரோ எழுத மறந்த வரிக்காக அத்தனை பேசிய நான், என் பெட்டியில் அதே வரியைத் தப்பாக எழுதியிருந்தேன்.

தேர்வுக் கட்டணம் அப்போது என் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. இரண்டு மாதம் கழித்து மறுபடி கட்டி எழுதினேன், இம்முறை கடைசி அரைமணி நேரத்தை ரீபூட்டுக்கென்றே ஒதுக்கி வைத்தேன், தேர்ச்சி பெற்றேன். இன்றும் எந்த சர்வரில் மவுண்ட் வரியைத் தொட்டாலும், ரீபூட்டுக்கு முன் எஃப்எஸ்டேப்பில் உள்ள அனைத்தையும் ஒருமுறை மவுண்ட் செய்து பார்க்காமல் கையை எடுப்பதில்லை.

அதன்பின் எதை எடுப்பது என்பதில் ஒன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் செய்தேன். டிக்கெட் பட்டியலைத் திரும்ப எடுத்தபோது கிளவுட் என்ற சொல் பத்து மடங்காகியிருந்தது, அதுவும் எங்கள் வாடிக்கையாளர்களில் அஷ்யூரே அதிகம். அதனால் அஷ்யூர் நிர்வாகிக்கான ஏஇசட்-104 தேர்வை எழுதினேன். சர்வர் அட்மினாக இருந்தவருக்கு அதில் விர்ச்சுவல் மெஷினும் டிஸ்க்கும் பழகிய பொருள்கள்; என்னைத் திணறடித்தது நெட்வொர்க் பகுதி. சிசிஎன்ஏ தேர்வை நான் எழுதவேயில்லை, ஆனால் அந்தக் கூட்டுப் பயிற்சியில் அரைகுறையாகக் கற்ற, நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்குதான் கைகொடுத்தது. இந்தச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். காலாவதியாவதற்கு ஆறு மாதம் முன்பிலிருந்து இணையத்திலேயே இலவசமாக, புத்தகத்தைப் பார்த்தே எழுதிப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆர்எச்சிஎஸ்ஏ மூன்றாண்டு செல்லும், ஆனால் புதுப்பிக்கப் பணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். சான்றிதழின் விலையைக் கணக்கிடும்போது முதல் கட்டணத்தோடு இந்தப் புதுப்பிப்பையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பயிற்சிக்கு அஷ்யூர் தரும் 200 டாலர் இலவசத் தொகை 30 நாள்தான் தாங்கும். விர்ச்சுவல் மெஷினை நிறுத்த மறந்து தூங்கப் போனால் அதற்குள்ளேயே தீர்ந்துவிடும் என்பதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தவறு, பல சர்வர்களில் மென்பொருள்களைக் கன்டெய்னர்களாக ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்கான சிகேஏ சான்றிதழ். 2021 நவம்பர் இறுதியில் தள்ளுபடி அறிவித்தார்கள், எல்லோரும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். அருமையான தேர்வுதான்: இரண்டு மணி நேரம், முழுக்கச் செய்முறை, 66 விழுக்காடு போதும், தவறினால் ஒருமுறை இலவசமாகத் திரும்ப எழுதலாம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் எழுத வேண்டும். என் வேலையில் குபர்நெட்டிஸ் ஓடும் சர்வர் தொகுதி, அதாவது கிளஸ்டர், ஒன்றுகூட இல்லை. மாலையில் கற்றதை மறுநாள் தொட வாய்ப்பில்லாததால் வாரக்கடைசிக்குள் மறந்துபோனது. பன்னிரண்டாவது மாதம் மின்னஞ்சல் வந்தது, நான் திறக்கவே இல்லை. அதே நேரத்தில் ஆர்எச்சிஇக்கு உட்கார்ந்திருக்கலாம். ரெட் ஹேட் லினக்ஸின் 8-ஆம் பதிப்பிலிருந்து அந்தத் தேர்வு முழுவதும், பல பெட்டிகளில் ஒரே வேலையைத் தானாகச் செய்யும் அன்சிபிளாக மாறிவிட்டது. எங்களுக்கோ மாதந்தோறும் எண்பது பெட்டிகளுக்கு பேட்ச் போடும் வேலை இருந்தது. அதை 2023-இல்தான் எழுதினேன். அதற்காக எழுதிப் பழகிய, அன்சிபிளுக்கான வேலைப் பட்டியலான பிளேபுக்தான் இன்று அந்த எண்பது பெட்டிகளையும் பார்த்துக்கொள்கிறது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. பல வகை லினக்ஸ்களோடு, குறிப்பாக டெபியன், உபுண்டுவோடு வேலை செய்பவருக்கு எல்பிஐசி-1 பொருந்தும். இரண்டு தேர்வுகள், ஐந்தாண்டு செல்லும், ஆனால் செய்முறை கிடையாது. காம்ப்டியாவின் சர்வர் பிளஸ் காலாவதியாகாதது. இருந்தும் நான் போன எந்த நேர்காணலிலும் அதைக் கேட்டதில்லை. விர்ச்சுவல் மெஷின்களுக்கான விஎம்வேரின் விசிபி சான்றிதழுக்கு நான் ஆசைப்பட்ட காலத்தில் அவர்களுடைய வகுப்பில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று இருந்தது, அந்த வகுப்புக் கட்டணம் தனி ஆளால் தாங்கக்கூடியது அல்ல. நிறுவனம் கட்டினால் மட்டும் யோசிக்கலாம்.

நிறுவனம் கட்டுவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மைக்ரோசாஃப்டோ ரெட் ஹேட்டோ ஒரு நிறுவனத்தைப் பங்குதாரராக ஏற்பதற்குச் சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் மேலாளரிடம் போய், தலைக்கணக்கில் எந்தச் சான்றிதழ் குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். என் ஆர்எச்சிஇ கட்டணம் அப்படித்தான் திரும்பக் கிடைத்தது. ஆனால் கையெழுத்துப் போடும் முன், இத்தனை மாதத்துக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி எங்கேனும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் இருக்கும்.

2024-இல் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், "அண்ணா, ஏடபிள்யூஎஸ் எடுக்கட்டுமா, டெவ்ஆப்ஸ் எடுக்கட்டுமா?" என்று வந்து நின்றான். "கடைசி மூணு மாச டிக்கெட்டை எக்ஸெல்ல இறக்கிட்டு வா" என்றேன். அவன் பட்டியலில் ஏடபிள்யூஎஸ் போன்ற கிளவுடும் இல்லை, டெவ்ஆப்ஸும் இல்லை. கணக்கு லாக் ஆவது, குரூப் பாலிசி, கிளைகளுக்கிடையே ரெப்ளிகேஷன் என்று முழுக்க ஆக்டிவ் டைரக்டரி. மைக்ரோசாஃப்டின் அப்ளைடு ஸ்கில்ஸில் அதற்கென்றே செய்முறைத் தேர்வு ஒன்று இலவசமாக இருப்பதைக் காட்டி, முதலில் அதை முடி, பிறகு விண்டோஸ் சர்வருக்கான ஏஇசட்-800, 801 தேர்வுகளைப் பார்க்கலாம் என்றேன். 180 நாள் இலவசமாக ஓடும் விண்டோஸ் சர்வரை இரண்டு பெட்டிகளில் போட்டு டொமைன் அமைத்துக்கொண்டு, வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டு கொடுத்து ஒரு கணக்கை லாக் செய்து, அது எங்கிருந்து லாக் ஆனது என்று தேடிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் என் இருக்கைக்கு வந்தான்.

"அண்ணா, 4740 ஈவென்ட்டை பிடிசி எமுலேட்டர்லதான் போய்ப் பார்க்கணும், இல்லையா?"

கணக்கு லாக் ஆனதைச் சொல்லும் பதிவின் எண்தான் 4740. ஆமாம் என்றேன். அந்த நேர்காணல் கேள்வியை அவனிடம் சொல்லிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாஸ்வேர்டு மாற்றியவர்களிடமிருந்துதான் முதலில் போன் வரும் என்றான்.